வீட்டுக்கு வருகிற வள்ளம்

ராமுத்தாய்க்கு நீச்சல் தெரியாது. கார் ஓட்டவும் தெரியாது. ஐம்பத்தேழு வயதுக்குள் காரில் ஏறியதே நாலைந்து தடவை, அதிலும் பாதி நேரம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்ததுதான். அப்படிப்பட்டவள், தரையிலும் தண்ணீரிலும் ஓடுகிற கார் ஒன்று வேண்டும் என்று புருஷனைப் பிடுங்கி எடுத்தாள். அவர் அதைச் செய்து முடிக்கிறவரை விடவில்லை. கிறுக்குப் பிடித்து அலையவில்லை. அவளுக்குக் குடியிருக்க இடம் வேண்டியிருந்தது.

அவள் பிறந்தது மேகப்பாறை எஸ்டேட் கீழ் டிவிஷன் லயத்தில், மூன்றாம் நம்பர் அறையில். ஒரே தகரக் கூரைக்குக் கீழே பத்து அறைகளை ஒட்டிக் கட்டிய வரிசைதான் லயம். வாக்கப்பட்டது ஏழாம் நம்பர் அறைக்கு. நாலு வாசல் தள்ளி நடந்ததோடு அவள் கல்யாண ஊர்வலம் முடிந்தது. முப்பத்தெட்டு வருஷமாகத் தேயிலைக் கொழுந்து எடுத்தாள். அட்டை கடித்த காலோடும், நனைந்த முதுகோடும், வயிற்றில் பிள்ளையோடும் எடுத்தாள். ஆனால் அறை எஸ்டேட்டுடையது. சுவரில் ஒரு ஆணி அடிக்க வேண்டும் என்றாலும் ஆபீசில் கேட்க வேண்டும். வேலை இருக்கிறவரை அறை. ஐம்பத்தெட்டு முடிந்தால் ஒரு மாதத்தில் காலி செய்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம்.

புருஷன் பெரியமுத்து எஸ்டேட் பாக்டரியில் மெஷின் பிட்டராக இருந்து இரண்டு வருஷத்துக்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். ராமுத்தாயின் வேலையை வைத்துத்தான் இன்னும் அந்த அறையில் படுத்திருந்தார்கள். அவளுக்கும் வருகிற ஆகஸ்ட்டோடு முடிகிறது.

போக்கிடம் இல்லாமல் இல்லை. எஸ்டேட்டுக்குக் கீழே இருக்கிற அணைக்கு அக்கரையில் ஒன்றரை ஏக்கர் இருந்தது. பெரியமுத்துவின் அப்பா காட்டுப்புல்லை வெட்டிக் குடியேறி, அலைந்து அலைந்து அரசாங்கப் பட்டயம் வாங்கிய மண். ஏலம், நாலு வரிசை காப்பி, வற்றாத ஊற்று, எல்லாம் உண்டு. ஆனால் மார்ச் மாதம் தண்ணீர் இறங்கும்போதுதான் பழைய வண்டிப்பாதை வெளியே தெரியும், அரைமணி நேரத்தில் நடந்துவிடலாம். ஜூனில் மழை விழுந்தால் பாதை தண்ணீருக்குள் போய்விடும், பிப்ரவரி முடிகிறவரை எழுந்து வராது. சுற்றிக்கொண்டு போக இருபத்து மூன்று கிலோமீட்டர், அதில் கடைசி நாலு கிலோமீட்டர் யானை நடக்கிற வழி. ஏலக்காய் பழுப்பதும் அணை நிறைவதும் ஒரே சமயம். வருஷா வருஷம் எலியும் மரநாயும் தின்று கொழுத்தன.

மகன் பாண்டித்துரை பெண்டாட்டி மோனிஷாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் திருப்பூரில் இருக்கிறான், பனியன் கம்பெனி வேலை. போன கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் தனியாக வரவில்லை, ஜிபி என்கிற மலையாளத்து ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தான். ஜிபி மலை மேலே கூடாரம் போட்டு டூரிஸ்ட்டுகளைத் தங்க வைக்கிறவன். நல்ல மாதிரி பேசுவான். பால் இல்லாத கட்டன் சாயாவைக் குடித்து முடிக்கிறவரை நிலத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"அம்மச்சி, அந்த ஸ்தலம் எனக்குத் தந்தா போதும். வெள்ளம் ஏறியா நிங்களுக்கு அது உபயோகமில்லல்லோ" என்றான்.

"ஒனக்கு மட்டும் வெள்ளம் வழி விடுமா?"

"நான் மோட்டார் போட்டுக்கு லைசன்ஸ் எடுக்கும்."

பாண்டித்துரை நடுவில் புகுந்தான். "அம்மா, ரெண்டு ரூமு இருக்கு. மோனிஷாவும் வேலைக்குப் போறா. பேசாம வந்து இருங்க. அந்தக் காட்டுல ஒடம்புக்கு ஒண்ணுன்னா யாரு தூக்குவா?"

"ஒன் ரெண்டு ரூமுல ஒங்க நாலு பேருக்கே காலு முட்டுது. அங்க வந்து மருமவ தாண்டிப் போற எடத்துல நான் பாய விரிக்கணுமாக்கும். இங்கன எஸ்டேட்டுக்காரன் ரூமு, அங்கன வாடகைக்காரன் ரூமு. எனக்குன்னு ஒரு வாசல் எப்பத்தான்டா?"

"அந்த வாசலுக்கு எப்படிம்மா போவீங்க? பறந்தா?"

ராமுத்தாய் எழுந்து அடுப்புக்குப் போனாள். அன்று குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

சின்னப் படகாக ஒரு வள்ளம் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வைத்துப் பார்த்தாயிற்று. மூன்று வருஷத்துக்கு முன்பு பெரியமுத்து இரண்டு டிரம்மில் பலகை கட்டி ஒரு மிதவை செய்தார். நாலாம் நாள் அணையைக் காவல் காக்கிற வாச்சர் அதன் கயிற்றை வெட்டி, பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கள்ள மீன் பிடிக்கிறவர்கள் தொல்லையால், கரையில் யாரும் வள்ளமோ மிதவையோ கட்டி வைக்கக்கூடாது என்று போர்டு இருக்கிறது. ராமுத்தாய் அந்த வாச்சரைத் தேடிப் போய் நின்றாள்.

"எங்கன கட்டுனா விடுவ? அதையாவது சொல்லு."

"கரையில எவிடயும் பாடில்லா சேச்சி. வேணுங்கில் வீட்டுக்குக் கொண்டு போ."

கரையில் எங்கேயுமே கூடாதாம். அன்றைக்கு அவரைத் திட்டிவிட்டு வந்துவிட்டாள். ஜிபி வந்து போன பிறகுதான் அந்தப் பேச்சு திரும்ப அவள் மண்டைக்குள் ஓடியது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவள் கத்திரியை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றாள். வீட்டுக்குக் கொண்டு போ என்றுதானே சொன்னான். வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு ஒன்றரை கிலோமீட்டர் மேடு ஏற முடியாது. அதுவே ஏறி வந்தால்?

சாயங்காலம் பெரியமுத்துவிடம் சொன்னாள். பெரியமுத்து நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு விஷயம் காதில் நுழைந்து உள்ளே இறங்க இரண்டு நாள் வேண்டும்.

"காரு தண்ணியில முங்கிரும்ட்டி" என்றார்.

"முங்காம செய்யத்தான் ஒங்கள்ட்ட சொல்லுதேன். முங்குற மாதிரின்னா நானே செஞ்சிருவேன்ல."

மூன்றாம் நாள் காலையில் அவர் கரித்துண்டை எடுத்து ஆட்டுக்கொட்டகைச் சுவரில் ஒரு காரை வரைந்தார், இரண்டு பக்கமும் டிரம்மை வரைந்தார். ராமுத்தாய் வந்து பார்த்தாள். சுடுகஞ்சியில் ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

இரண்டு ஆட்டை விற்ற காசில் கார் வந்தது. அடிமாலிப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் செடி முளைத்துக் கிடந்த வெள்ளை மாருதி. சாமானை எடுத்துப் போனால் போதும் என்று ஒர்க்‌ஷாப்காரன் கைகூப்பாத குறை. ஜீப்பில் கட்டி இழுத்து வந்தார்கள். லயமே வாசலில் வந்து நின்று பார்த்தது.

பக்கத்து அறை செபமாலையம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். இருவரும் ஒரே வரிசையில் கொழுந்து எடுக்கிறவர்கள், முப்பது வருஷக் கூட்டு.

"மைனி, ஆட்டைக் குடுத்து இரும்ப வாங்கியிருக்கியளே. இது எந்த மாசம் குட்டி போடும்?"

"போடும். ஒனக்கு ஒரு குட்டி தாரேன், மேய்க்கத் தெரியுமா?"

வேலை நடந்தது. காரின் கூரையை அறுத்து எடுத்தார். கதவுகளைத் திறக்க முடியாதபடி பற்ற வைத்தார். ஏறுவதும் இறங்குவதும் மேலே கால் போட்டுத்தான். அடியில் உள்ள ஓட்டைகளை எல்லாம் தகரம் வைத்து அடைத்து, பழைய டியூப் ரப்பரை வெட்டி வைத்து, தார் காய்ச்சி ஊற்றினார். காரின் சொந்த எஞ்சினைத் தரைக்கு ஓட வைத்துவிட்டு, மருந்தடிக்கிற பம்புசெட்டின் கழித்துப் போட்ட எஞ்சினைப் பின்னால் ஏற்றினார். பாக்டரியில் கொழுந்து வாட்டுகிற காற்றாடியின் உடைந்த இலைகள் குப்பையில் கிடந்தன. அதில் மூன்றை வெட்டித் தேய்த்துத் தண்ணீரைத் தள்ளுகிற விசிறியாக்கினார். தண்ணீரில் திருப்புவதற்கு ஒரு தகடு, அதை ஸ்டியரிங்கோடு சேர்க்க சைக்கிள் செயின். சக்கரம் தரைக்கு, விசிறி தண்ணீருக்கு. அவ்வளவுதான் யோசனை.

டிரம் எத்தனை என்பதுதான் கேள்வி. இருநூறு லிட்டர் நீல டிரம் ஒன்று, மூடியை அடைத்துத் தண்ணீரில் அழுத்தினால் இருநூறு கிலோவைத் தாங்கும். அது பெரியமுத்துவுக்குத் தெரியும். ஆக எல்லாவற்றையும் எடை போட்டுவிட்டால் கணக்கு வந்துவிடும். கொழுந்து நிறுக்கிற சூப்பர்வைசரிடம் கேட்டு, ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்குத் தராசை வாங்கி வந்தார். மூன்று மரம் நட்டு, சங்கிலி போட்டு, காரின் முன்பக்கத்தை ஒரு தடவை, பின்பக்கத்தை ஒரு தடவை தூக்கினார். எஞ்சின், பலகை, சங்கிலி எல்லாம் தனித்தனியாக. ஊஞ்சல் மாதிரி கட்டித் தானும் தொங்கினார், செபமாலையம்மாளை விட்டு ராமுத்தாயையும் தொங்கவிட்டார். ஏலக்காய் மூட்டைக்கும் சேர்த்து மொத்தம் எண்ணூற்று ஐம்பது. ஐந்து டிரம் போட்டால் ஆயிரம். நூற்றைம்பது கிலோ மிச்சம்.

"போதுமா?" என்று கேட்டாள் ராமுத்தாய்.

"தாராளம். பாக்டரியில அம்பது டன்னு மெஷினையே நிறுத்தி வச்சவன் நான்."

ஜூலை இரண்டாவது வாரம், மழை கொஞ்சம் விட்ட ஒரு பகலில், ஓடை அணையில் சேருகிற ஆழமில்லாத இடத்தில் காரை இறக்கினார்கள். பின்னால் ஒரு கயிறு, உள்ளே ஏலக்காய் மூட்டைக்குப் பதில் மண் மூட்டை, கரையில் ஆறு பெண்கள். ராமுத்தாய் காலிப் பாமாயில் கேன் இரண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பெரியமுத்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சக்கரம் தரையை விட்டது. கார் மிதந்தது. செபமாலையம்மாள் கையைத் தட்டினாள். தட்டிய கை நிற்பதற்குள் நீல டிரம்கள் முழுசாக மறைந்து, தண்ணீர் சாவகாசமாகக் கதவின் மேல் ஏறி உள்ளே வந்தது. அவசரமே இல்லை அதற்கு. ராமுத்தாயின் மடியில் ஏறி, வயிற்றில் ஏறி, நெஞ்சுக்கு வந்தபோது கார் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. ஆறு பெண்களும் கயிற்றை இழுத்தார்கள். சிரித்துக்கொண்டே இழுத்ததால் பாதி பலம்தான் இருந்தது.

யாரோ ஒரு புண்ணியவான் அதைப் போனில் பிடித்து அனுப்பிவிட்டான். ராமுத்தாய் புடவையைப் பிழிந்து காயப் போடுவதற்குள் திருப்பூரிலிருந்து போன்.

"அம்மா, சாகணும்னே கெளம்பிட்டீங்களா? அந்த இரும்பக் கொண்டு போயி எடைக்குப் போடுங்க. நான் ஜிபிட்ட பேசிக்கிடுதேன்."

"நீ எதுக்குப் பேசணும்? நெலம் ஒங்கப்பா பேருல இருக்கு."

"அப்பாட்டயும் கேளுங்க. அவருக்கும் இப்ப பயந்தான்."

ராமுத்தாய் திரும்பிப் பார்த்தாள். பெரியமுத்து தலையைக் குனிந்துகொண்டு தரையில் எதையோ தேடினார். தேட அங்கே ஒன்றும் இல்லை.

"சரி. கெடு சொல்லு" என்றாள்.

பாண்டித்துரை யோசித்தான். "ஆகஸ்ட் கடைசி ஞாயித்துக்கெழமை நானும் ஜிபியும் வாரோம். தண்ணி நெறஞ்சிருக்கும். ரெண்டு பேரும் அக்கர போயி, மூட்டையோட திரும்பி வந்து காட்டுங்க. நான் அப்புறம் வாயே தொறக்கல. முடியலன்னா அப்பா கையெழுத்துப் போடணும், நீங்க ரெண்டு பேரும் எங்கூட வண்டி ஏறணும்."

"அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிப் போனை வைத்தாள். பெரியமுத்துவிடம் கேட்கவில்லை.

ஆறு வாரம் இருந்தது. அதில் ஒரு வாரம் பெரியமுத்து காரைச் சுற்றிச் சுற்றி வந்தே ஓட்டினார். டிரம்மில் ஓட்டையா என்று பார்த்தார், இல்லை. மூடி வழியாகத் தண்ணீர் போனதா, இல்லை. சுவரில் எழுதியிருந்த எடைகளைக் கூட்டினார், மறுபடி கூட்டினார். எண்ணூற்று ஐம்பதேதான் வந்தது.

"ஆயிரத்தைத் தாங்குற டிரம்மு எண்ணூத்தம்பதுக்கு எப்படிட்டி முங்கும்? எனக்கு மண்ட வெடிக்குது."

அன்று மழையில் கொழுந்து எடுத்துவிட்டு வந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்த ராமுத்தாய் கேட்டாள். "எதுல நிறுத்திய?"

"நம்ம கொழுந்துக் கொட்டகைத் தராசுலதான். ஒன்னையும்தான தொங்கவிட்டேன்."

ராமுத்தாயின் கையில் இருந்த துண்டு அப்படியே நின்றது. அன்றைக்கு அவளே அதில் தொங்கினாள். ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து இல்லை, தராசு இடம் மாறி வீட்டுக்கு வந்திருந்தது, அவளுக்கும் தோன்றவில்லை. இப்போது தோன்றியதும் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"மழக்காலத் தராசுலயாங்க நிறுத்திய? அது திங்குற தராசுல்லா. முப்பத்தெட்டு வருசமாச் சொல்லுதேன், எங்க கொழுந்த இந்தத் தராசு திங்குதுன்னு. நீங்க என்ன சொல்லுவிய? பொம்பளைங்களுக்கு எப்பவும் இதே பாட்டுன்னு பாக்டரியில ஒக்காந்து பேசுவிய. இப்ப ஒங்க காரையே தின்னுட்டு பாத்தியளா?"

விஷயம் இதுதான். மழையில் எடுக்கிற கொழுந்தில் தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீருக்கு என்று எடையில் ஒரு பங்கைக் குறைப்பார்கள், ஈரக் கழிவு என்று பேர். முன்பெல்லாம் சூப்பர்வைசர் பேனாவால் கழிப்பார், கழிக்கிறதைக் கண்ணால் பார்த்துச் சண்டை போடலாம். புதுத் தராசு வந்த பிறகு ஜூன் பிறந்தால் கழிவைத் தராசுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். தொங்கவிட்டால் அது கழித்துவிட்டுத்தான் காட்டும். கொழுந்துக்கும் கழிக்கும், காருக்கும் கழிக்கும், ராமுத்தாய்க்கும் கழிக்கும்.

பெரியமுத்துவுக்கு நம்ப மனசில்லை. "எவ்வளவு கழிக்கான்?"

"அது தெரிஞ்சா நாங்க ஏன் பொலம்புதோம்? கேட்டா, கொஞ்சம்தாம்பான்."

மறுநாள் அவள் கொழுந்து மூட்டையோடு கூட, பிரிக்காத சிமென்ட் மூட்டை ஒன்றையும் செபமாலையம்மாளோடு சேர்ந்து தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அக்கரையில் வீடு கட்ட வாங்கி வைத்தது அது. எடை போட நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். தன் முறை வந்ததும் சிமென்ட்டைக் கொக்கியில் மாட்டினாள்.

"என்ன சேச்சி, இது கொழுந்தா?" என்றார் சூப்பர்வைசர்.

"தெரியல. நிறுத்துப் பாருங்க."

தராசு நாற்பத்திரண்டரை காட்டியது. மூட்டையின் மேல் ஐம்பது கிலோ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ராமுத்தாய்க்கு எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியும்.

"அது ஈரக் கழிவு" என்றார் சூப்பர்வைசர்.

"சிமென்ட்டுல எங்கன இருக்கு ஈரம்? ஈரம் இருந்தா அது கல்லாயிருக்கும்லா. சரி, கொழுந்துன்னே வச்சுக்கிடுங்க. அம்பதுக்கு ஏழரை. நூத்துக்குப் பதினஞ்சா இந்தக் கொஞ்சம்?"

வரிசையில் நின்றவர்கள் மூட்டையை இறக்கிவிட்டுத் தராசைச் சுற்றி வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. நாற்பது பெண்கள் சத்தமில்லாமல் சுற்றி நிற்பது கத்துவதைவிட மோசம். சூப்பர்வைசர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், திரும்பி வந்தார், தராசில் எதையோ அமுக்கினார். சிமென்ட் மூட்டை ஐம்பது காட்டியது. அதற்கப்புறம் ஈரக் கழிவு பேனாவுக்கே திரும்பியது, நூற்றுக்கு ஆறு என்று பேசி முடித்தார்கள். அந்தச் சண்டை தனி. ராமுத்தாய்க்கு அன்று வேண்டியிருந்தது நம்பர் மட்டும்தான்.

"பதினஞ்சுங்க" என்றாள் வந்ததும் வராததுமாக.

பெரியமுத்து கரித்துண்டை எடுத்துச் சுவரில் எழுதினார். எண்ணூற்று ஐம்பது என்று தராசு சொன்னது உண்மையில் ஆயிரம். டிரம் தாங்குவதும் ஆயிரம். ஒரு கிலோ மிச்சமில்லை, அதுதான் அத்தனை சாவகாசமாக முங்கியிருக்கிறது. கரித்துண்டைக் கீழே வைத்தார்.

"நீ சொன்னப்ப நான் கேட்டிருக்கணும்ட்டி."

"இப்பக் கேட்டியள்லா. டிரம்மு எத்தன வேணும்?"

இன்னும் இரண்டு டிரம் போட்டார். ஏழு ஆயிற்று. மிதக்கிற உயரம் நாலு விரல் கூடினால் போதும் என்று இருந்தவர், ஒரு சாண் கூட்டினார். சின்ன ஓடையில் மூன்று தடவை இறக்கிப் பார்த்தார்கள். முங்கவில்லை.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு. அணை தளும்பிக்கொண்டு கிடந்தது. காற்று மேற்கிலிருந்து. பாண்டித்துரை வந்திருந்தான், ஜிபி வந்திருந்தான், லயத்தில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். வாச்சரும் வந்துவிட்டார்.

"சேச்சி, வள்ளம் பாடில்லா."

"வள்ளம் எங்கன இருக்கு?"

"இது பின்னே எந்தா?"

"காரு. நாலு சக்கரம் தெரியலியா? கரையில கட்டுனாத்தான போர்டுல குத்தம். நான் கட்டல. போயிட்டு வந்து எங்க வீட்டுக்குக் கொண்டு போயிருவேன். நீதான வீட்டுக்குக் கொண்டு போன்னு சொன்ன."

வாச்சர் ஆபீசுக்குப் போன் போட்டார். அங்கே இருந்தவர் கார் என்றால் நம்மிடம் ஏன் கேட்கிறாய் என்று வைத்துவிட்டார். வாச்சர் நோட்டை விரித்து, கொஞ்ச நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, கார் ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

பாண்டித்துரை அம்மாவின் கையைப் பிடித்தான். "அப்பா மட்டும் போயிட்டு வரட்டும்மா. ஒங்களுக்கு நீச்சல் தெரியாது."

"குடியிருக்கப் போறது ரெண்டு பேருல்லா. கைய விடு."

கார் சரிவில் இறங்கியது. தண்ணீர் டிரம்மின் பாதிக்கு மேல் ஏறி நின்றது. பின்னால் எஞ்சின் பிடித்துக்கொண்டதும், மனிதன் நடக்கிற வேகத்தில் கரையை விட்டு நகர்ந்தது. ராமுத்தாய் இடுப்புக் கேன்களை இறுக்கிக்கொண்டு எதிர்க்கரையையே பார்த்தாள். தண்ணீரைப் பார்க்கவில்லை. பார்த்தால் வாந்தி வரும் என்று தெரியும்.

பாதித் தூரம் தாண்டியதும் எஞ்சின் முக்கியது, நின்றது. பழைய மீன்வலை ஒன்று விசிறியில் சுற்றியிருந்தது.

"ஸ்டியரிங்க நேரப் பிடி. விட்டுராத" என்று சொல்லிவிட்டுப் பெரியமுத்து கத்தியோடு பின்பக்கம் கவிழ்ந்து படுத்தார்.

ராமுத்தாய் இடம் மாறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள். காற்று காரைப் பக்கவாட்டில் தள்ளியது. அந்தப் பக்கம், அணை கட்டும்போது முங்கிய மரங்களின் மொட்டைகள் தண்ணீருக்கு மேல் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றன. ஒரு கூர் டிரம்மில் ஏறினால் முடிந்தது.

"எவ்வளவு நேரங்க?"

"வலை நைலான்ட்டி. அறுக்க மாட்டேங்குது."

"மரம் கிட்ட வருது."

"நான் என்ன செய்ய?"

"நீங்க வலைய அறுங்க. மரத்த நான் பாத்துக்கிடுதேன்."

ஸ்டியரிங்கை விட்டாள். எஞ்சின் ஓடாதபோது அதைப் பிடித்து என்ன பிரயோசனம் என்று அவளுக்கே தோன்றிவிட்டது. காரில் கிடந்த மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றாள். கார் ஆடியது. காலை அகட்டி ஊன்றினாள். தேயிலைச் சரிவில் மூட்டையோடு முப்பத்தெட்டு வருஷம் நின்ற கால்கள், வழுக்குகிற இடத்திலும் நிற்கத் தெரிந்தவை. முதல் மொட்டை ஒரு கை தூரத்தில் வந்தபோது கழியை அதில் ஊன்றி, வயிற்றால் அழுத்தித் தள்ளினாள். கார் விலகியது. இரண்டாவது மொட்டைக்கும் அப்படியே. மூன்றாவதில் கழி வழுக்கியது, டிரம் மரத்தை உரசிக்கொண்டு போனது. கீறல் விழுந்தது, ஓட்டை விழவில்லை. அப்போது பின்னால் எஞ்சின் பிடித்தது.

பெரியமுத்து முன்னால் தவழ்ந்து வந்தார். உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. "ஒக்காருட்டி" என்றார்.

"கரை வந்தப்புறம் ஒக்காருதேன். இப்ப ஒக்காந்தா எந்திக்க மாட்டேன்."

அக்கரையில் சேறு. சக்கரம் வழுக்கிச் சுற்றியது. ராமுத்தாய் முழங்கால் ஆழத்தில் இறங்கி, கொழுந்துச் சாக்குகளை ஒவ்வொன்றாக டயருக்கு அடியில் கொடுத்தாள். ஐந்தாவது சாக்கில் கார் ஏறியது. மேலே தோட்டத்தில் ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. கீழே நிறையக் காய் உதிர்ந்து கிடந்தது, எலி கடித்தது பாதி. மிச்சம் தண்டில் இருந்தது. இரண்டு பேரும் எடுத்தார்கள். அவர் ஒற்றைக் கையால் எடுத்தார்.

மூன்று மணிக்கு இக்கரைக்குத் திரும்பினார்கள். கார் தண்ணீரை ஒழுகவிட்டுக்கொண்டு சரிவில் ஏறி வந்து நின்றது. பாண்டித்துரை ஓடி வந்து அப்பாவின் கையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். ஏதோ சொல்லத் தொடங்கி, வாயே திறக்க மாட்டேன் என்று சொன்னது ஞாபகம் வந்து, மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

ஜிபி காரைச் சுற்றி வந்தான். டிரம்மைத் தட்டிப் பார்த்தான், விசிறியைக் குனிந்து பார்த்தான்.

"சேட்டா, இதுபோல ஒண்ணு எனக்கு செஞ்சு தருமோ? டூரிஸ்ட்டுக்கு" என்றான் பெரியமுத்துவிடம்.

பதில் ராமுத்தாயிடமிருந்து வந்தது. "மொதல்ல அவுகளுக்கு வீட்டு வேலை கெடக்கு. செவரு எழும்பட்டும், அப்புறம் வா. நெலத்தப் பத்திப் பேசாம வா."

செப்டம்பர் முழுக்கக் கார் அக்கரைக்கும் இக்கரைக்கும் போய் வந்தது. சிமென்ட், தகரம், ஜன்னல் சட்டம். செபமாலையம்மாள் இரண்டு ஞாயிறு கூட வந்து மண் சுமந்தாள். சுவர் நெஞ்சளவு எழும்பி, மேலே தகரம் போட்டு, ஒரு அறை நின்றது. மழைச் சாரல் உள்ளே வந்தது. வாசல் கிழக்கே பார்த்திருந்தது.

மாதக் கடைசியில் ராமுத்தாய் எஸ்டேட் ஆபீசுக்குப் போனாள். கிளார்க் பெண் அனுப்பிரியா, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, இனி தபால் வர்ற அட்ரஸ் சொல்லுங்க. திருப்பூரா?"

"இல்ல தாயி. அணைக்கு அக்கர."

"அங்க வீடு இல்லையே."

"இருக்கு."

"வீட்டு நம்பர்?"

"பஞ்சாயத்துக்காரங்க வந்து பாத்தாத்தான் நம்பர் தருவாங்களாம். தண்ணி வத்துனாத்தான் வருவோம்னு சொல்லுதாங்க. அதுவரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்க முடியாது. வெள்ளிக்கெழம அணைக்கு வரச் சொல்லியிருக்கேன், நாங்களே அவங்கள ஏத்திட்டுப் போறோம்."

அனுப்பிரியா நிமிர்ந்து பார்த்தாள். "எதுலம்மா ஏத்திட்டு?"

ராமுத்தாய் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். வெளியே, தேயிலை லாரிகளுக்கு நடுவில், கூரையில்லாத வெள்ளை மாருதி ஏழு டிரம்மோடு நின்றது. அடுப்பு, பாய், இரண்டு குடம், பெரியமுத்துவின் ஸ்பானர் பெட்டி எல்லாம் ஏறியிருந்தன. பெரியமுத்து மழைக்குக் குடை பிடித்துக்கொண்டு சீட்டில் உட்கார்ந்திருந்தார்.

ஏழாம் நம்பர் அறையின் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, கைநாட்டு வைத்த மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு அவள் வெளியே போனாள். கதவுக்கு மேலே கால் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"காத்து எப்படிங்க?"

"மேக்கதான். மொட்ட மரத்துப் பக்கந்தான் தள்ளும்."

"அப்ப கழிய எங்கிட்ட தாங்க" என்றாள்.